தட்டினால் தமிழ் வருமா?

கே: பாடமெல்லாம் மடிக்கணினிக்குள் போய்விட்டது என்கிறார்கள். பேரனின் பள்ளிப்பை மட்டும் கனம் குறையவே இல்லையே?
– ஒரு தாத்தா, தேக்கா

ப: 2018இல் ‘மாணவர் கற்றல் தளம்’ என்ற இணையத்தளம் சிங்கப்பூரின் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவர் கையிலும் 2028க்குள் ஒரு கணினி என்பது திட்டம். கொரோனா வந்ததும் அதை 2021 முடிவதற்குள்ளேயே முடித்துவிட்டார்கள். பாடம் கணினிக்குள் போனது, கணினி பைக்குள் போனது. கனம் எங்கே போகும்?

கே: கணினித் தமிழ் என்றாலே சென்னைதானே? சிங்கப்பூருக்கு அதில் என்ன பங்கு?
– சென்னையிலிருந்து வந்தவர், பொங்கோல்

ப: வந்த இடத்தில் வம்பா! தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களை உருவாக்கியவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் மற்ற மூன்று மொழிகளோடு தமிழும் ஏறியது அவர் உழைப்பால்தான். 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது. 1999இல்தான் அது சென்னையில் கூடியது, தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. கோவிந்தசாமி அதே ஆண்டு மறைந்தார். 2000இல் மாநாடு மீண்டும் இங்கே வந்தபோது கணினித் தமிழுக்கான ‘உத்தமம்’ அமைப்பு உருவானது. கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப மென்பொருள் வல்லுநர் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ செயலி வெளியானதும் இங்கேதான், 2005 பொங்கலுக்கு. கோவிந்தசாமி காலத்தில் தேசியக் கல்விக் கழகம் புக்கித் தீமா சாலையில் இருந்தது. நீங்கள் தட்டிய இந்தக் கேள்வியும் கொஞ்ச தூரம் அந்தச் சாலை வழியாகத்தான் வந்திருக்கிறது.

கே: ஏஐ எழுதிக் கொடுத்த கட்டுரையை ஆசிரியை கண்டுபிடித்துவிடுவாரா?
– உயர்நிலை 2 மாணவர், உட்லண்ட்ஸ்

ப: போன வாரம் வரை ல, ள, ழ மூன்றையும் ஒரே ஆளாக நினைத்திருந்த தம்பி, இந்த வாரம் ‘பண்பாட்டு விழுமியங்களின் ஊடாட்டம்’ என்று எழுதினால், கண்டுபிடிக்கக் கருவி எதற்கு? அதில் தப்பினாலும் வாய்மொழித் தேர்வு இருக்கிறது. காணொளியைப் போட்டுக் காட்டி உன்னைத்தான் பேசச் சொல்வார்கள். ஏஐக்கு உள்ளே அனுமதி இல்லை. நீயே எழுதிவிட்டு, எங்கே தப்பு என்று அதனிடம் கேள். அது சொல்வது சரிதானா என்று ஆசிரியையிடம் கேள். இரண்டு பேரையும் வேலை வாங்கிய பெருமை உனக்கு.

கே: தமிழ் வகுப்பில் டேப்லெட்டை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?
– பயிற்சி ஆசிரியர், ஜூரோங்

ப: பிள்ளைகளைத் தேக்காவுக்கு அழைத்துப் போங்கள். சிராங்கூன் சாலைக் கடைப்பலகைகளைப் படமெடுக்கட்டும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக அச்சான பலகை கிடைத்தால் யோகம். அன்றைய பாடம் அதுதான். அடுத்து பஃபலோ சாலைக் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் விலையைத் தமிழில் விசாரித்து, கடைக்காரரிடம் அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்யட்டும். வகுப்புக்குத் திரும்பியதும் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ‘விலை’ என்று சொன்னதாக நினைத்தது ‘விளை’ என்று காதில் விழும். நீங்கள் பத்துமுறை திருத்தியும் திருந்தாத நாக்கு, சொந்தக் குரலைக் கேட்டால் கூசும்.

கே: எல்லாம் இணையத்தில் பத்திரமாக இருக்க, நோட்டுப் புத்தகம் எதற்கு?
– உயர்நிலை 3 மாணவி, தெம்பனிஸ்

ப: 2024 ஆகஸ்டில், மாணவர் சாதனங்களை நிர்வகித்த ‘மொபைல் கார்டியன்’ செயலிக்குள் யாரோ ஊடுருவ, 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்கள் துடைத்து வைத்தாற்போல் ஆயின. கல்வி அமைச்சு அந்தச் செயலியையே நீக்கிவிட்டது. கையால் எழுதிய நோட்டை வெளிநாட்டிலிருந்து அழிக்க இன்னும் வழி பிறக்கவில்லை. கரப்பான் பூச்சி உள்ளூர்ப் பிரச்சினை.

கே: கணினியைக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பிடுங்குவது நியாயமா?
– அதே மாணவியின் தம்பி

ப: 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கையிலும்கூடக் கைப்பேசிக்குத் தடை. பள்ளிக் கணினியும் இரவு பத்தரைக்குத் தானாகவே உறங்கிவிடும். அப்பாக்களுக்கும் இப்படியொரு ஏற்பாடு வந்தால் நியாயம் முழுமையாகும்.

கே: மகள் தமிழ்ச் செயலியில் நூற்றுக்கு நூறு. பாட்டியோடு பேசச் சொன்னால் ஓடுகிறாள். என்ன செய்ய?
– ஓர் அம்மா, செங்காங்

ப: உங்கள் வீட்டில் மட்டுமா? வீட்டில் தமிழை அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. தமிழ் கற்பிக்கும் திரைகள் பெருகிய அதே பத்தாண்டு! செயலி கேள்வி கேட்டால் நான்கு விடைகளையும் அதுவே தரும், தொட்டால் போதும். பாட்டி கேட்டால் விடையை நாம்தான் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பாட்டியிடம் மீன் குழம்புப் பக்குவம் கேட்டு, மகளே தமிழில் தட்டட்டும். நீங்கள் குறுக்கே புகுந்து ஆங்கிலத்தில் உதவாதீர்கள். அதைப் பார்த்துச் சமைத்துப் புளி தூக்கலாகிவிட்டால் மறுபடி பாட்டிக்குத்தான் போன் போடணும். அது இரண்டாம் பயிற்சி.