கம்யூனிஸ்ட் முடியும் தோத்தாபுரி மாங்காயும்

கேளு நைனா. திருப்பதியில பொருளாதாரம் படிக்கிறவன் நீ. படிக்கிற எடத்துல கேக்க வேண்டிய கேள்வியைத் தூக்கிக்கினு வந்து இந்தக் கெழவன்கிட்ட கேக்கறே: ‘தாத்தா, அமெரிக்காவுக்கு நம்ம பொருளாதாரப் பாதை பிடிக்கலையா? ஏன் அம்பது பர்சென்ட் வரி போட்டான்?’ உங்க வாத்தியாரைக் கேட்டா ரெண்டு மணி நேரம் போர்டுல எழுதிப் போட்டுச் சொல்லுவாரு, அவருக்கு மாசம் பொறந்தா சம்பளம். எனக்கு நீ வாங்கியாந்தது வெத்தலை பாக்கு. அதுக்குத் தக்கபடி சொல்றேன்.

மொதல்ல ஒண்ணைத் தீத்துடலாம். 2025-ல நம்ம சித்தூர் ஜில்லாவுல தோத்தாபுரி விலை விழுந்ததுக்கு அமெரிக்கா காரணமில்ல. மாங்காய் நாறினது ஜூன், ஜூலையில. அவன் வரி ஆகஸ்ட் 7-ல 25 பர்சென்ட்டா வந்துச்சி. ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கினதுக்கு அபராதம்னு ஆகஸ்ட் 27-ல இன்னொரு 25. நாம ஜூஸ் ஃபேக்டரி வாசல்ல டிராக்டரோட நாள்கணக்கா நின்னதுக்குக் காரணம் வேற. காய்ப்பு ஏகத்துக்கும் இருந்தது, ஃபேக்டரிக்காரங்ககிட்ட முந்தின வருஷத்துக் கூழே விக்காம கெடந்தது. அமெரிக்காவைத் திட்டணும்னா தாராளமா திட்டு, செய்யாததுக்குத் திட்டாதே. செஞ்சதே நிறைய இருக்குது.

நான் சின்ன கிளாஸ் படிக்கிறப்ப எனக்கு மத்தியானச் சோறு போட்டது அமெரிக்காதான். மஞ்சளா மக்காச்சோள உப்புமா, கேர் அமைப்போட பால் பவுடர் கரைச்ச பாலு. ரேஷன்ல அமெரிக்கா கோதுமை. இந்தத் தானியமெல்லாம் எப்படி மிச்சமாச்சி தெரியுமா? அங்கத்திய சர்க்கார் தன் விவசாயிக்கு ஆதரவு விலை குடுத்துக் குடுத்து வாங்கி, வைக்க எடமில்லாம முழிச்சிக்கினு இருந்தது. 1954-ல ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு, பி.எல். 480. மிச்சத் தானியத்தை வாங்கற நாட்டுப் பணத்துலயே விக்கலாம்னு. 1956-ல நாமளும் அதுல சேந்தோம். ஆக, சர்க்கார் விலை வெச்சி, சர்க்கார் வாங்கி, சர்க்கார் குவிச்ச கோதுமையைத் தின்னுக்கினே, ‘சந்தையில சர்க்கார் தலையிடக் கூடாது’ன்னு அவங்க சொன்ன புத்திமதியையும் கேட்டுக்கினோம். ரெண்டுமே செரிச்சிது. அந்த வயசு அப்படி.

1965-ல மழை ஏமாத்திடுச்சி. அப்ப அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் என்ன செஞ்சாரு? வருஷக் கணக்குல ஒப்பந்தம் போடாம கொஞ்சம் கொஞ்சமா கோதுமையை விட்டாரு. முன்பணம் குடுத்த மண்டிக்காரன் ‘இந்த வருஷம் இதைத்தான் வைக்கணும், நான் சொல்ற எடத்துலதான் உரம் வாங்கணும்’னு சொல்லுவானே, அதே பேச்சு. நம்ம உணவு மந்திரி சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், அந்த நவம்பர்ல ரோம் நகரத்துல அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் ஃப்ரீமேனோட உக்காந்து ஒத்துக்கினு வந்தாரு: விவசாயத்துக்குப் பணம் அதிகமா ஒதுக்கறோம், உர ஃபேக்டரிக்கு வெளிநாட்டுத் தனியாரை விடறோம். 1966 ஜூன் 6-ம் தேதி ரூபா மதிப்பையும் எறக்கினோம். டாலருக்கு 4.76 இருந்தது 7.50 ஆச்சி. சரி, சொன்னதெல்லாம் செஞ்சாச்சே, கப்பல் ஓடி வந்துச்சான்னு கேளு. வியட்நாமுல குண்டு போடறதை நிறுத்துன்னு இந்திரா அம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க, கப்பலுக்குக் கால் மடங்கிப்போச்சி. கேட்டது உரக் கொள்கை, உறுத்தினது வியட்நாம்.

சுப்பிரமணியம் மேல எனக்கு மரியாதை உண்டு. தான் செய்ய நெனச்சதையே அமெரிக்காக்காரன் வாயால நிபந்தனையா சொல்ல வெச்சி, டெல்லியில மொரண்டு பிடிச்ச மத்த மந்திரிங்களுக்கு அதைக் காட்டி சாதிச்சிக்கினவரு. 1966-ல மெக்ஸிகோ கோதுமை விதையை 18,000 டன் இறக்கினதும் அவருதான். அந்த விதைக்குப் பின்னாடி அமெரிக்கா ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக் காசு இருந்துச்சி. தின்ன சோத்தை மறைக்கக் கூடாது, அதையும் எழுதிக்கோ.

பொக்காரோ கதை தெரியுமா? இரும்பு ஃபேக்டரி கட்டக் கடன் குடுன்னு நேரு கேட்டாரு. கென்னடிக்கு மனசு இருந்தது, இங்க தூதரா இருந்த கால்பிரெய்த்தும் பரிஞ்சி பேசினாரு. ஆனா 1963 மார்ச்சுல கிளே கமிட்டின்னு ஒண்ணு அறிக்கை குடுத்துது: தனியார் தொழிலோட போட்டி போடற அரசாங்க ஃபேக்டரிக்கு அமெரிக்கா உதவக் கூடாது. அவங்க பார்லிமென்ட்டு அதைப் பிடிச்சிக்கிச்சி. மானஸ்தர் நேரு, அந்த வருஷமே கோரிக்கையை வாபஸ் வாங்கினாரு. 1965-ல ரஷ்யாக்காரன் வந்து கையெழுத்துப் போட்டான். சர்க்கார் ஃபேக்டரி எப்படியும் வந்துச்சி, மேஸ்திரி மாறினதுதான் மிச்சம்.

சிலோன்ல இன்னும் சுருக்கு. பிரதமர் சிறிமாவோ அம்மா 1962-ல எஸ்ஸோ, கால்டெக்ஸ் பெட்ரோல் பங்குகளைச் சர்க்காருக்கு எடுத்துக்கினாங்க. நஷ்டஈடு பேரம் இழுத்துது. 1963 பிப்ரவரியில உதவி கட். அமெரிக்கச் சொத்தை எடுத்தா உதவியை நிறுத்துன்னு அவங்க போட்ட சட்டம் மொதமொதல்ல பாஞ்சது அந்தச் சின்னத் தீவு மேலதான். 1965-ல டட்லி சேனநாயக்கா வந்து நஷ்டஈட்டுக்கு ஒத்துக்கினதும் உதவி திரும்பி வந்துச்சி.

இதெல்லாம் கேட்டா ‘ஆகா, அமெரிக்காவுக்குச் சர்க்கார் தொழில்னாலே ஆகாது’ன்னு பரீட்சையில எழுதிடுவே. இரு. அதே காலத்துல தென் கொரியாவுல பார்க் சுங் ஹீ, ராணுவக்காரர், அஞ்சாண்டுத் திட்டம் போட்டாரு, பேங்குகளைச் சர்க்கார் பிடியில வெச்சிருந்தாரு, எந்த முதலாளி எந்தத் தொழில் செய்யணும்னு அவரே சொன்னாரு. அமெரிக்கா உதவி நிக்கலியே? அவரு வியட்நாமுக்குப் பட்டாளம் அனுப்பினவரு. அஞ்சாண்டுத் திட்டத்துலயும் நல்ல சாதி, கெட்ட சாதி உண்டு நைனா.

இப்ப நம்ம ஊரு விஷயத்துக்கு வரேன். முடி. நீ பொறந்து வருஷம் திரும்பறதுக்குள்ள திருமலை கல்யாணகட்டாவுல ஒக்கார வெச்சி மொட்டை போட்டமே, அந்த முடி. 1960-கள்ல அமெரிக்காவுல பொம்பளைங்க விக் வெச்சிக்கிற மோகம் ஏறிக்கினு இருந்தது. விக்குக்கு முடி பெரும்பாலும் சீனாவுலேருந்து ஹாங்காங் வழியா வந்துச்சி. சீனாவுக்கு டாலர் போயிடக் கூடாதுன்னு, அந்தப் பத்தாண்டு நடுவுல அமெரிக்கா சர்க்கார் அதுக்குத் தடை போட்டுது. கம்யூனிஸ்ட் முடி உள்ள வரக் கூடாது! யோசிச்சிப் பாரு, கஸ்டம்ஸ் அதிகாரி ஒரு சவுரியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சி, இது மார்க்ஸ் படிச்ச முடியா, படிக்காத முடியான்னு பாக்கணும். கறுப்பு முடி எந்த நாட்டுதா இருந்தாலும் கறுப்பாத்தான் இருக்கும். ஆசியா முடின்னாலே சந்தேகம், கம்யூனிஸ்ட் நாட்டுது இல்லன்னு விக்கறவன்தான் காட்டணும்.

இதுல கொரியாவுக்கு அடிச்சது யோகம், விக் தொழிலே அங்க எழும்பிச்சி. இந்திய முடிக்கும் கிராக்கி வந்துச்சி. நாம அந்தக் காலத்துல டெல்லியில சோஷலிசம் பேசிக்கினு இருந்தோம், பொக்காரோவுக்குக் கடன் இல்லன்னு சொல்லிக்கூட ரெண்டு மூணு வருஷம்தான் ஆயிருக்கும். ஆனா நம்ம முடி சோஷலிஸ்ட் முடின்னு எவனும் தடுக்கல. ஏழுமலையான் முடி எந்தக் கட்சியிலயும் இல்ல பாரு. அப்புறம் 1971-ல நிக்சன் சீனா வியாபாரத்தைத் திறந்துவிட்டாரு. மாவோ அப்படியே இருந்தாரு, கட்சி அப்படியே இருந்தது, முடி மட்டும் ராத்திரியோட ராத்திரியா சுத்தமாயிடுச்சி.

2020-லயும் சீனா முடியைப் பிடிச்சாங்க. சின்ஜியாங்லேருந்து வந்த 13 டன், கட்டாய வேலை வாங்கி செஞ்சதுன்னு சந்தேகம். அது கேக்க வேண்டிய கேள்விதான், அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஏதாவது ஒரு தடவை காரணமும் ஆதாயமும் ஒரே பக்கம் நிக்கும். நின்னா நல்லது.

ராக்கெட் விடற ஸ்ரீஹரிகோட்டா 2022-லேருந்து பக்கத்துத் திருப்பதி ஜில்லாவுல சேந்துடுச்சி, அதனால இதையும் பங்காளிக் கதையா சொல்லலாம். 1991-ல ரஷ்யாவோட கிளாவ்காஸ்மாஸ் கம்பெனிகிட்ட கிரையோஜெனிக் இன்ஜினும் அதைச் செய்யற வித்தையும் வாங்க இஸ்ரோ ஒப்பந்தம் போட்டுது. அமெரிக்கக் கம்பெனி ஒண்ணும் இன்ஜின் விக்கறதுக்கு விலை சொல்லியிருந்தது, கட்டுப்படியாகல. 1992 மேயில அமெரிக்கா, ‘ஏவுகணைக்கு ஆகும் இது’ன்னு சொல்லி இஸ்ரோ, கிளாவ்காஸ்மாஸ் ரெண்டு மேலயும் தடை போட்டுது. எரிபொருளை ரொம்பக் குளிர்ச்சியில வெச்சி, கிளப்பறதுக்கு முன்னாடி மணிக்கணக்கா நிரப்பற இன்ஜினை எவன் நைனா ஏவுகணைக்கு வெப்பான்? 1993-ல ரஷ்யா வித்தையைக் குடுக்காம இன்ஜினை மட்டும் குடுக்க ஒத்துக்கிச்சி. நம்ம ஆளுங்க இருவது வருஷம் மல்லுக்கட்டி, 2014 ஜனவரி 5-ல சொந்த இன்ஜின்ல ஜிஎஸ்எல்வியை வெற்றியா அனுப்பினாங்க.

அப்புறம் பாரு வேடிக்கையை. 2025 ஜூலை 30, சாயங்காலம் 5.40. அதே ஜிஎஸ்எல்வி, நம்ம கிரையோஜெனிக் இன்ஜின், மேல ஒக்காந்து போனது நாசாவும் இஸ்ரோவும் சேந்து செஞ்ச நிசார் செயற்கைக்கோள். நம்ம பக்கத்து வானத்துல அமெரிக்கா ராடார் ஏறிக்கினு இருந்த அதே நாள்ல டிரம்ப் அறிவிச்சாரு: இந்தியாவுக்கு 25 பர்சென்ட் வரி, ரஷ்யாவோட வெச்சிக்கிற உறவுக்கு அபராதம் தனி. மறுநாள், நம்முது செத்த பொருளாதாரம்னு வேற ஒரு வார்த்தை. ரஷ்யா எண்ணெயை நம்மைவிட அதிகமா வாங்கினது சீனா. சீனாவுக்கு இந்த அபராதம் போடல. சீனாக்காரன்கிட்ட அபூர்வ மண் தாது இருக்குது, அது இல்லாம அமெரிக்கா ஃபேக்டரி ஓடாது. நம்மகிட்ட இருந்தது நெல்லூர் பக்கத்து இறால்.

வரியைத் தூக்கணும்னா என்ன கேட்டாங்க? பால் சந்தையைத் திற, மக்காச்சோளத்தை விடு. ரத்தமும் மாட்டு உறுப்பும் அரைச்ச தீவனம் தின்னாத மாட்டுப் பாலுன்னு சர்ட்டிபிகேட் குடுன்னு நாம கேக்கறது அவங்களுக்கு வியாபாரத் தடையாம், வருஷா வருஷம் அறிக்கையில எழுதறாங்க. அதே நேரம் நம்ம ஸ்ரீசிட்டி தொழில்பேட்டையில கோல்கேட்டுக்காரங்க ஃபேக்டரி போட்டு நிம்மதியா நடத்திக்கினு இருக்காங்க. அங்க நிலம், தண்ணி, கரண்டுன்னு சர்க்கார் செஞ்சி குடுக்கற சலுகையைப் பத்தி எந்த அறிக்கையிலயும் குறை படிச்ச ஞாபகம் எனக்கில்ல.

என் புத்திமதி இதுதான். அவன் உன் கொள்கையைத் திட்டினா, கொள்கைப் புஸ்தகத்தைப் புரட்டாதே. அவன் சரக்குல எது தேங்கியிருக்குது, அவன் சண்டையில நீ எந்தப் பக்கம் நிக்கலை, அந்த ரெண்டைப் பாரு. புகழ்ந்தாலும் அதையே பாரு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா சர்க்காரே இன்டெல் கம்பெனியில சுமாரா பத்து பர்சென்ட் பங்கு வாங்கிச்சி. கிளே கமிட்டிக்காரங்க மேல இருந்து பாத்துக்கினு இருப்பாங்க! பொக்காரோவுல பாவமா இருந்தது அங்க போனதும் புண்ணியமாயிடுச்சி. சுங்க வரிச் சுவரு, சர்க்கார் பங்கு, சொந்த ஊர்லயே செய்யின்னு உத்தரவு. எழுபதுகள்ல நாம செஞ்சிக்கினு இருந்ததெல்லாம் இப்பத்தான் அவங்களுக்கு வந்து சேந்திருக்குது. நம்ம திட்டக் கமிஷனை 2015 ஜனவரியில நிதி ஆயோக்குன்னு மாத்தினதுலேருந்து பழைய போர்டு எங்கியாவது சும்மாத்தான் கெடக்கும். துடைச்சிக் குடுத்தா அவங்களுக்கு ஆகும். கப்பல் கூலி நாமளே கட்டிடலாம், உப்புமா தின்ன கடன்.

சிரிச்சது போதும். இப்ப உன் மேலயும் என் மேலயும் ஒண்ணு சொல்றேன். 2025 ஜூன்ல தோத்தாபுரிக்குக் கிலோ 12 ரூபான்னு நம்ம சர்க்கார் வெச்சிது, ஃபேக்டரி 8, சர்க்கார் 4. சர்க்கார் காசு வெளியூர் மாங்காய்க்குப் போயிடக் கூடாதுன்னு, கர்நாடகா தோத்தாபுரி சித்தூர் ஜில்லாவுக்குள்ள வரக் கூடாதுன்னு கலெக்டர் உத்தரவும் வந்துச்சி. கோலார் ஜில்லா சீனிவாசபுரத்து விவசாயி காலங்காலமா நம்ம ஃபேக்டரிக்கு ஓட்டிக்கினு வந்த லாரி எல்லைச் செக்போஸ்ட்டுல நின்னுச்சி. அப்ப கர்நாடகா முதல்வரா இருந்த சித்தராமையா, ஆந்திரா முதல்வரா இருந்த நம்ம சந்திரபாபு நாயுடுவுக்கு லெட்டர் எழுதினாரு. அன்னிக்கி நம்ம ஊர் டீக்கடையில எல்லாரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். ரெண்டு மாசம் கழிச்சி அமெரிக்கா அதையே செஞ்சப்ப அதே பெஞ்சுல ஒக்காந்து அநியாயம்னு கத்தினோம்.

வாஷிங்டனுக்கு மனு எழுதித் தரேன்னு சொன்னியே, அந்தப் பேப்பரைக் கொண்டா. அடுத்த மாங்காய் சீசனுக்கு முன்னாடி சித்தூர் கலெக்டராபீசுக்கு எழுது. விலை விழாம இருக்க வேற வழி பாருங்க, சீனிவாசபுரத்து லாரியை நிறுத்தாதீங்கன்னு எழுது. மொதல் கையெழுத்து நான் போடறேன், ரெண்டாவது நீ போடு.