மைக் காக்கா

அதிராம்பட்டினத்தில் காக்கா என்றால் பறவை இல்லை, அண்ணன். கோடையில் கால்பந்துத் தொடர் தொடங்கிவிட்டால் அந்தக் காக்காக்களில் ஆட்டத்தை வர்ணிக்கும் ஒருவருக்கு மட்டும் 'மைக்' என்ற பட்டம் முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் இல்லாத நாளில் டீக்கடை டிவி முன்னால் உட்கார்ந்து வர்ணிப்பார். அங்கே மைக் கிடையாது. அது அவருக்கு ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.

காக்காவிடம் இரண்டு டப்பா உண்டு. வெள்ளைக்காரர் பந்தைத் தொட்டால் ஒன்று திறக்கும்: "மூளைடா தம்பி! கணக்குப் போட்டுக் குடுத்தான் பாரு!" ஆப்பிரிக்கர் தொட்டால் மற்றது: "காளை! இரும்பு ஒடம்பு! சிறுத்தைப் பாய்ச்சல்!" இரண்டும் அதே இருபது கஜ பாஸ்தான். முதல் ஆள் வட்டிக்கணக்கு பார்ப்பவர் மாதிரி யோசித்து அடித்தார். அடுத்தவரை மாட்டுப் பொங்கலுக்கு அவிழ்த்து விட்டிருக்கிறார்கள்.

கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்து மைதானங்களில் ஆப்பிரிக்க ஆட்டக்காரர் எவரானாலும் 'சூடானி'தான். காக்கா அதைத் திருத்தி 'நைஜீரியா' ஆக்கிக்கொண்டார். கானாக்காரரும் நைஜீரியா, ஐவரி கோஸ்ட்காரரும் நைஜீரியா. ஆனால் அதிராம்பட்டினத்தைப் போய் யாராவது 'பட்டுக்கோட்டைப் பக்கம்' என்று சொல்லிவிட்டால், மனுஷருக்கு ஊர்ப் பலகாரமான வாடாகூடத் தொண்டையில் இறங்காது.

அவரை மட்டும் குறை சொல்வானேன்? பீலேயை நம் பத்திரிகைகள் 'கறுப்பு முத்து' என்றன. ஜெர்மனியின் பெக்கன்பவருக்கு வாய்த்த பட்டம் 'கைசர்', அதாவது பேரரசர். ஒருவருக்குச் சிம்மாசனம், இன்னொருவருக்கு நகைக்கடை, அதுவும் நிறம் குறிப்பிட்டு. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர் சங்கத்தோடு சேர்ந்து ரன்ரிபீட் என்ற டென்மார்க் நிறுவனம் 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையைக் கேட்டு, 2,073 கூற்றுகளைப் பிரித்துப் பார்த்தது. 2020-இல் முடிவு வந்தது: உடல்வலு பற்றிப் பேச்செடுத்தால், அது கறுத்த வீரரைப் பற்றியதாக இருக்க 6.59 மடங்கு வாய்ப்பு. அறிவைப் புகழ்ந்ததில் 62.6 சதவீதம் வெளிர்நிறத்தாருக்குப் போயிருக்கிறது. கோட்டு சூட்டு போட்ட மைக் காக்காக்கள்!

நமக்கும் இது புதிதில்லை. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்' என்று பெண் வீட்டில் சொல்கிறோமே, அந்த 'இருந்தாலும்' எத்தனை கல்யாணத்தைக் கடந்து வந்திருக்கிறது! சென்னைக்காரர் அபினவ் முகுந்த் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர். தன் தோல் நிறத்தின் மேல் மற்றவர்களுக்கு இருக்கும் பித்து சின்ன வயதிலிருந்தே புரியவில்லை என்று 2017-இல் அவரே வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது.

ஒருநாள் கடைப் பையன்கள் டிவி பக்கம் காக்காவின் முதுகைத் திருப்பி உட்கார வைத்தார்கள்.

"காக்கா, நடுவுல ஒருத்தரு. பந்து எங்க வரும்னு முன்னாடியே தெரிஞ்சு அங்க போய் நிக்கிறாரு. யாருன்னு சொல்லுங்க."

"இதுக்கெல்லாம் மூளை வேணும். ஜெர்மன்காரன்."

"பிரான்ஸ் காக்கா. கான்டே."

காக்கா திரும்பிப் பார்த்தார். ஒரு மடக்கு டீ குடித்தார்.

"அவனா... நல்லா ஓடுவான்."

போன கோடையில் வெளியூர் அணிக்காரர் ஒருவர் இவரைத் தேடி வந்தார். அதே டீக்கடையில் விசாரித்தார். பெயர் தெரியவில்லை, அடையாளம் சொன்னார்: "கறுப்பா, வாட்டசாட்டமா இருப்பாரே, நல்ல தொண்டை." காக்கா உள்ளே பெஞ்சில்தான் இருந்தார். நாற்பது வருஷமாகக் கால்பந்து பார்க்கிறவர் என்று வந்தவர் சொல்லவில்லை.