எல்க் வேட்டைக்குப் புறப்படும் ஒஹாயோக்காரர்

ஒஹாயோ மாநிலத்தில் சோளக்காட்டு ஓரத்து மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து, வருடா வருடம் வில்லால் வெள்ளைவால் மான் அடித்துவந்த ஒருவர், முதன்முறையாகக் கொலராடோ மலைக்குப் போய் எல்க் என்கிற பெரிய மானை அடிப்பது என்று தீர்மானித்துவிட்டால், அன்றோடு அவர் வேட்டைக்காரர் இல்லை, குமாஸ்தா. புறப்படப் பத்து மாதம் இருக்கும்போதே எக்செல் தாளில் அறுபது வரி ஏறிவிடும். அக்கம்பக்கத்தார் இவரை அளவுக்கு மீறித் திட்டம் போடுகிறவர் என்று கேலி செய்வார்கள். கேலி தப்பு. இவர் போட்ட திட்டம் போதாது என்பதே என் கட்சி. எல்லாவற்றுக்கும் வழி வைத்திருக்கிறார். எல்க் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இல்லை.

அவரைக் குமாஸ்தா ஆக்கியது அரசாங்கம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். கொலராடோவின் மேற்குப் பகுதியில் வில் வேட்டைக்கு முன்பெல்லாம் வெளிமாநிலத்தார் பல இடங்களுக்குக் கடையில் பணம் கட்டி உரிமம் வாங்கிக்கொண்டு நேரே மலையேறலாம். 2025 முதல் அதற்கும் குலுக்கல் வந்துவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் விண்ணப்பம் போட வேண்டும். கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டுவதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். கேட்ட இடம் கிடைக்காதவருக்கு ஆறுதலாக, அடுத்த குலுக்கல்களில் முந்திக்கொள்ள, ஆண்டுக்கு ஒரு பாயின்ட். மாநிலத்தின் வடமேற்கு மூலையில் சில வட்டாரங்களுக்கு இருபதுக்கு மேல் பாயின்ட் வேண்டும். இவர் ஒன்று சேர்ப்பதற்குள் தேவை ஒன்று ஏறியிருக்கும். (ஐம்பது வயதில் சேர்க்கத் தொடங்குகிறவர்களும் உண்டு. முழங்காலின் சம்மதத்தை விண்ணப்பத்தில் யாரும் கேட்பதில்லை.) பக்கத்து வயோமிங்கிலோ, மத்திய அரசு வனாந்தரம் என்று அறிவித்த காட்டுக்குள் வெளிமாநிலத்தார் தனியாக நடக்கலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம், மீன் பிடிக்கலாம், எல்க் அடிக்க மட்டும் கூடவே ஒரு வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இருந்தாக வேண்டும். அதே மாநிலத்தில் எல்க் மலை என்றே பெயர் கொண்ட மலைப் பக்கம் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டமாக மாறி மாறிக் கிடக்கின்றன. 2021இல் மிசௌரியிலிருந்து போன நால்வர், தனியார் மண்ணில் கால் படாமல் ஓர் அரசுக் கட்டத்தின் மூலையிலிருந்து அடுத்த அரசுக் கட்டத்தில் இறங்குவதற்கென்று ஓர் இரும்பு ஏணியையே கொண்டுபோனார்கள். அத்துமீறி நுழைந்ததாக அவர்கள்மேல் வந்த வழக்கு, நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியது. 2025இல் மேல்முறையீட்டிலும் அவர்களே ஜெயித்தார்கள். ஆகவே திட்டம் போடுவதே பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நம்மவர் எதைக் காசு கொடுத்து வாங்க முடியுமோ அதற்குத்தான் திட்டம் போடுகிறார். சாப்பாட்டு மேசையில் சின்னத் தராசு. டைட்டானியம் கரண்டி 17 கிராம் என்று எழுதிக்கொள்கிறார். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பத்தால் பாதியாக அறுத்து, மிச்சமான 6 கிராமைப் பச்சை நிறத்தில் குறித்துக்கொள்கிறார். இடுப்பைச் சுற்றியிருக்கும் 12 கிலோவுக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. ஒஹாயோவின் மிக உயரமான மேடே 1,550 அடிதான். செப்டம்பரில் எல்க் திரிவதோ 9,000, 10,000 அடி உயரத்தில். மூச்சுக்குப் பயிற்சி எடுக்காதவர் கூவுவதற்கு எடுக்கிறார். ரப்பர் சவ்வு கட்டிய ஊதியை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அலுவலகம் போகும் வழியெல்லாம் காருக்குள் ஆண் எல்க்காகக் கூவிப் பார்க்கிறார். சிக்னலில் பக்கத்துக் காரில் இருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்.

பெரிய ஓட்டை வரைபடத்தில் இருக்கிறது. ஆன்எக்ஸ் செயலியில் சாலையிலிருந்து 8 கிலோமீட்டர் உள்ளே ஓர் ஓடைக்கரையில் குறி போட்டு வைத்திருக்கிறார். வேறு யாரும் வராத இடம் என்று அதில் ஒரு பெருமை. ஏன் வருவதில்லை என்று கேட்டுக்கொள்வதில்லை. நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாக வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ இருக்கும். எலும்பு நீக்கிய கறியே 90 கிலோ தேறும். நடைக்கு 30 கிலோ என்றால் மூன்று நடை. தலை, கொம்பு, கூடாரம் எல்லாம் சேர்ந்து நாலாவது நடை. சுமையோடு வெளியே நான்கு தடவை, வெறும் முதுகோடு உள்ளே மூன்று தடவை: மொத்தம் 56 கிலோமீட்டர், அதுவும் மலையில். ஊரில் இவர் அடித்த மானைக் கொம்பைப் பிடித்து இழுத்துவந்து பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டால் கதை முடிந்தது. இங்கே அவர் இரண்டாம் நடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, செப்டம்பர் மாதத்துப் பகல் வெயில் மிச்சக் கறியைப் பார்த்துக்கொள்ளும்.

கொலராடோவில் எல்க் தேடிப் போகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது, வில்லோடு போனால் அதிலும் குறைவு, நடக்காததற்கு எதற்கு ஏற்பாடு என்று அவருக்காக யாராவது வாதாடலாம். அப்படியானால் அம்பு எதற்கு? அதோடு, தோற்றுத் திரும்புகிறவரை எந்தச் சட்டமும் எதுவும் கேட்பதில்லை, ஜெயித்தவரைத்தான் கேட்கிறது. தின்னத் தகுந்த கறியைக் காட்டில் விட்டுவருவது கொலராடோவில் குற்றம். மான் இனத்தைத் தாக்கும் மூளை நோய் பரவக் கூடாது என்று, முழுத் தலையையும் முதுகெலும்பையும் வெளியிலிருந்து கொண்டுவர ஒஹாயோ உட்படப் பல மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு குதிரையில் கறியை இறக்கித் தருகிறவர்கள் மலையடிவாரத்தில் இருக்கிறார்கள். புறப்படும் முன் ஒரு போன் போட்டுப் பேசி வைத்தால் போதும். அறுபது வரியில் அந்த ஒரு வரி இல்லை. கேட்டால், எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசலாமா என்கிற தோரணையில் அடக்கமாகச் சிரிப்பார். அந்த அடக்கத்தை நம்பியிருக்கலாம். ஆனால் தலையைக் கொம்போடு மாட்டுவதற்கு வரவேற்பறைச் சுவரை ஜனவரியிலேயே டேப் வைத்து அளந்துவிட்டார். எட்டடி உயரம் பற்றாது என்று தெரிந்ததும், மேல்தளத்தை இடித்து உயர்த்த என்ன ஆகும் என்று தச்சரிடம் விலையும் கேட்டு வைத்திருக்கிறார்.