கேக் கிளாஸ் அம்மிணி

சேலம் மாவட்டத்தின் தெற்கே, நாமக்கல் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்த ஆட்டையாம்பட்டிப் பேரூராட்சி, கைமுறுக்காலும் விசைத்தறியாலும் வெளியூராருக்கு அறிமுகமான ஊர். இவ்விரு தொழிலிலும் அடங்காத மனித வகை ஒன்று அண்மைக் காலமாக இவ்வட்டாரத்தில் பெருகி வருகிறது. கேக்கின்மேல் சர்க்கரையால் பூ, பொம்மை, சரிகைக்கரை, மணிச்சரம் ஆகியவற்றைச் செய்து ஒட்டும் அலங்காரக் கலையை, ஆசிரியர் செய்து காட்டத் தாமும் உடனிருந்து கையால் செய்து பழகும் வகுப்புகளில் சேர்ந்து, ஒரு வகுப்பு முடியுமுன் அடுத்த வகுப்புக்கு முன்பணம் கட்டிவிடும் பெண்மணியே அவ்வகையினர். ஆய்வின் வசதி கருதி அவரைக் 'கேக் கிளாஸ் அம்மிணி' எனக் குறிக்கலாம்.

அம்மிணியை அடையாளம் காண்பது எளிது. வயது முப்பதுக்கு மேல், நாற்பதுக்குள். பிள்ளைகள் காலையில் பள்ளி வேன் ஏறுவதற்கும் மாலையில் இறங்குவதற்கும் இடைப்பட்ட பொழுதே அவருடைய கல்விக்காலம். வலக்கை விரல் நுனிகளில் சிவப்போ ஊதாவோ படிந்திருக்கும். மருதாணி என்று மயங்குவோர் உண்டு, ஆயின் அது எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாத ஜெல் வண்ணம். கல்லூரியில் மூன்றாண்டு படித்து வாங்கிய பி.காம். பட்டம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் உறங்க, ஒரே நாளில் வாங்கிய கேக் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, நடுக்கூடத்தில் மாமனாரின் மாலையிட்ட படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டை விப்பிங் கிரீமும் நடுத்தட்டைக் காய வைத்த அலங்காரங்களும் பிடித்துக்கொள்வதால், இட்லி மாவு வெளியே நின்று புளித்துப் பொங்கும். அவ்வீட்டில் தோசை மட்டுமே சுடப்படுவதற்கு இதுவே காரணம்.

இவ்வகுப்புகள் இரு வகைப்படும். ஆசிரியர் செய்வதை நாற்காலியில் அமர்ந்து பார்ப்பது 'டெமோ'. ஆளுக்கொரு சுழல் தட்டும் கிரீம் பையும் கொடுத்துச் செய்ய வைப்பது 'ஹேண்ட்ஸ் ஆன்'. முன்னதை அம்மிணி மதிப்பதில்லை, ஏனெனில் பார்த்துக் கற்பது கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பின்னதற்கோ அவர் ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காலைப் பேருந்தில் சேலம் செல்கிறார். அங்கே பேசிக், அட்வான்ஸ்டு, ஃபாண்டன்ட், சுகர் ஃப்ளவர் என ஏணிப்படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் ஏறுபவர் ஒரு சான்றிதழோடும், அடுத்த படிக்கு வாங்க வேண்டிய கருவிகளின் பட்டியலோடும் இறங்குகிறார். இலை நரம்பு பதிக்கும் வெய்னர், இதழ் வெட்டும் கட்டர், இதழோரத்தை மெலிதாக்கும் உருண்டைத்தலைக் குச்சியான பால் டூல் என்று வீட்டில் சேரும் சாமான்களைக் கணவர் எண்ணிப் பார்ப்பதுண்டு; விலையைக் கேட்பதில்லை, கேட்டால் தாம் தறிக்கு உதிரிப்பாகம் வாங்கிய கணக்கும் பதிலுக்குக் கேட்கப்படும் என்பதை அவர் அறிவார்.

கலையின் அடிப்படைக் கலவைகள் மூன்று. தூள் சர்க்கரையுடன் குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின், கிளிசரின் முதலியன சேர்த்துப் பிசைந்து, சப்பாத்தியாகத் திரட்டிக் கேக்கின்மேல் போர்த்துவது ஃபாண்டன்ட். அதனுடன் டைலோஸ் என்னும் தாவர நார்ப்பொருள் தூளைக் கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கலந்தால், பூவாகச் செய்து காய வைத்தபின் உருக்குலையாத கம் பேஸ்ட் கிடைக்கும். முட்டை வெள்ளைக்கருவில் தூள் சர்க்கரையை அடித்துச் சேர்த்து, குழல்முனை வழியே நூலாகப் பிழிந்து சரிகை வேலை செய்வது ராயல் ஐசிங். ஆக இக்கலைக்கு முதன்மையாக வேண்டியவை சர்க்கரை, முட்டை, ஒட்டாமலிருக்கத் தூவும் மாவு ஆகியவையே. சர்க்கரைக்கு மோகனூரில் சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. முட்டைக்கு நாடே நாமக்கல்லைப் பார்க்கிறது. மாவுக்கு மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் ஆலைகள் வட்டாரமெங்கும் இருக்கின்றன. பிரிட்டனில் சர்க்கரைக் கலைஞர்களுக்கென ஒரு கில்டு தோன்றிய 1981-ஆம் ஆண்டில்தான், சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவான சேகோசர்வும் தோன்றியது. இத்தனைக்கும் நடுவே குடியிருக்கும் அம்மிணி, தூவுவதற்கு அட்டைப் பெட்டியில் வரும் சோளமாவையும், முட்டைக்குப் பதிலாக டப்பாவில் வரும் மெரிங்கு பவுடர் என்னும் உலர்த்திய வெள்ளைக்கருத் தூளையும் கூரியரில் வரவழைத்து, பொருள் வந்து சேரும்வரை வாசலிலேயே நிற்கிறார்.

கற்ற வித்தைகளுள் அவர் தலையாயதாகக் கருதுவது சர்க்கரை ரோஜா. கொக்கியாக வளைத்த கம்பியின் முனையில் கம் பேஸ்டைக் கூம்பாகப் பிடித்து ஒருநாள் முழுதும் காய விடுவது முதற்கட்டம். மறுநாள், பின்னால் வைத்த எழுத்து தெரியும் அளவுக்கு மாவைத் திரட்டி, இதழாக வெட்டி, மெத்தென்ற பஞ்சுப் பலகையில் கிடத்தி, பால் டூலின் பாதி இதழிலும் பாதி பலகையிலும் படுமாறு ஓரத்தை நீவினால், விளிம்பு மட்டும் மெலிந்து தானே சுருளும். முதலிதழ் கூம்பை முழுதாக மூட வேண்டும். அடுத்து வரும் ஒவ்வோர் இதழும் முன்னதன் பாதியை அணைத்துச் செல்ல வேண்டும். கடைசிச் சுற்று இதழ்களைக் கரண்டிக் குழியில் வைத்து வளைவு பிடித்தபின் ஒட்ட வேண்டும். இதற்குள் வீட்டில் யாரேனும் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டால் இதழோரம் வெடித்து, யானைத் தோலாகிவிடும். சேலத்துச் சமவெளியின் வறண்ட காற்று பூவை விரைவில் காய வைப்பதால் இக்கலைக்கு உகந்ததே. ஐப்பசி மழையின் ஈரத்தில் அதே பூ தலை தொங்கிவிடும். எனவே அம்மிணி வானிலை அறிக்கையை விவசாயியைக் காட்டிலும் கவலையோடு கேட்கிறார். சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் ரோஜா கிலோக்கணக்கில் குவிந்து கிடக்கிறதே என்று கணவர் சொன்னால், அதைத் தின்ன முடியுமா என்ற கேள்வியே பதிலாக வரும்.

ஆனால் அம்மிணியின் ரோஜாவையும் எவரும் தின்றதில்லை. கம்பி உள்ளே இருப்பது ஒரு காரணம். அவர் தின்ன விடாதது மறு காரணம். கேக் முடிந்ததும் அதை வாசல் வெளிச்சத்தில் வைத்து நான்கு புறமும் படமெடுத்து, பிறகு கூடத்து மேசையில் நிறுத்தி, பிள்ளைகளைக் கைகட்டி நிற்கச் செய்வது வழக்கம். பார்க்க வரும் மாமியார், "ஏங்கண்ணு, இது திங்கறதா, சாமி படத்துக்கு வெக்கறதா?" என்று மனமார ஐயுற்றுக் கேட்பார். அந்த ஐயத்துக்கு உலக வரலாற்றிலேயே ஆதாரம் உண்டு. 1840-இல் விக்டோரியா அரசியின் திருமணத்துக்குச் செய்த கேக்கின் ஒரு துண்டு, 176 ஆண்டுகள் தின்னப்படாமல் காத்திருந்து, 2016-இல் லண்டனில் ஏலம் போயிற்று. இலங்கைத் திருமணங்களில் மேடைமேல் அடுக்கடுக்காக நிற்கும் 'ஸ்ட்ரக்சர்' கேக், ரிஜிஃபோம் எனப்படும் நுரைப்பலகையின்மேல் சர்க்கரை போர்த்தியது. விருந்தினர்க்குரிய உண்மையான கேக் தனியே வெட்டிச் சிறு பெட்டிகளில் மடித்து வழங்கப்படும். பெங்களூரில் 1970-களில் தொடங்கி ஆண்டுதோறும் டிசம்பரில் நடைபெறும் கேக் கண்காட்சியில் கோபுரமும் அரண்மனையும் சர்க்கரையில் எழும். மக்கள் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, பசித்தால் வெளியே வந்து சாப்பிடுவார்கள். இவற்றையெல்லாம் அறிந்த அம்மிணி தாமும் தெர்மாகோல் வட்டின்மேல் 'டம்மி கேக்' செய்யத் தொடங்குவது அவருடைய வளர்ச்சியின் உயர்நிலை. வெட்டும்படி கேட்பார் இல்லை, கெட்டுப்போகும் என்ற பயமும் இல்லை.

குரு பரம்பரை குறித்தும் அவருக்குத் தெளிவுண்டு. பிழிந்த கோட்டின்மேலேயே கோடு பிழிந்து மேடாக்கும் முறைக்கு ஜோசப் லாம்பெத் 1934-இல் நூல் எழுதினார் என்பதும், சிகாகோவில் 1929-இல் வில்டன் என்பவர் அலங்கார வகுப்பு தொடங்கினார் என்பதும் அவர் நாவில் நிற்கும். தம் கணவரின் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்து ஆட்டையாம்பட்டியில் குடியேறினார் என்று கேட்டால் மட்டும் மாமியாரைக் கைகாட்டுவார்.

கற்றது கடைக்கு வரும்போது நேர்வது வேறு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவும் பெற்று, பெயர் அச்சிட்ட பெட்டியும் வாங்கி வைத்திருக்கும் அம்மிணியிடம் வருகிறவர் கேட்பது அரைக் கிலோ பிளாக் ஃபாரஸ்ட். இந்தியாவின் முட்டைத் தலைநகரத்துக்கு ஒரு பேருந்துத் தொலைவில் நின்றுகொண்டு அவர் கேட்கும் முதற்கேள்வி, "முட்டை போடாததுதானுங்களே?" என்பதாகும். புனேயைச் சேர்ந்த பிராச்சி தபல் தேப் முட்டையில்லா ராயல் ஐசிங்கில் மிலான் பேராலயத்தையே 100 கிலோ எடையில் எழுப்பி உலகச் சாதனைப் பதிவு பெற்றிருக்கிறார் என்று அம்மிணி எடுத்துரைப்பார். வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேலே செர்ரி எத்தனை வரும் என்பார். அடுத்தது எழுத்துச் சிக்கல். வகுப்பில் பழக்கியது சாய்வாக ஓடும் ஆங்கில 'ஹாப்பி பர்த்டே'. வாடிக்கையாளருக்கு வேண்டியதோ, ஆறங்குல வட்டத்துக்குள் 'செல்லக்குட்டி யாழினிக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள், அன்புடன் அப்பத்தா, அம்மாயி, மாமா'. குழல்முனையால் ஒரு 'ழ' பிழிந்து, அது 'மு' ஆகாமல் தப்புவதற்குள் அம்மிணிக்கு லாம்பெத் மறந்து போகும்.

பிறகு கேக் பயணப்பட வேண்டும். சித்திரை வெயிலில், தாவரக் கொழுப்பால் ஆன விப்பிங் கிரீம் பாலாடைக் கிரீமைவிடச் சற்றுநேரம் கூடுதலாக நிற்கும் என்பது உண்மையே. அந்தச் சற்றுநேரம் வேகத்தடைகளைக் கணக்கில் கொண்டதன்று. கணவர் ஸ்கூட்டரை நடைவேகத்தில் ஓட்ட, பின்னால் அம்மிணி கேக் பெட்டியை மடியில் ஏந்தி, 'மெதுவா, மெதுவா' என்று ஓதிக்கொண்டே செல்லும் காட்சியைக் கண்டு, மருத்துவமனையிலிருந்து குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள் என்றெண்ணி வழிவிடும் லாரி ஓட்டுநர்களும் உண்டு.

இதுவரை சொன்னவற்றால் அம்மிணி சிரிப்புக்குரியவர் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்குச் சுற்றும் பெண்ணின் கையைச் சற்றே உற்று நோக்க வேண்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே போக, மற்ற விரல்கள் பிடியில் மிச்ச மாவைக் காக்க, விரித்த துணியின்மேல் வெளிச்சுற்று உட்சுற்றை இடிக்காமல் வட்டம் வளர்ந்து முடிகிறது. சர்க்கரை நூல் பிழிவோருக்கு வகுப்புகள் பணம் பெற்றுக்கொண்டு கற்பிக்கும் சீரான அழுத்தமும் சீரான வேகமும் அக்கைக்கு இயல்பாக வாய்த்தவை. இருப்பினும் அம்முறுக்கு விற்பது ஊரின் பெயரால். சுற்றிய கையின் பெயர் எந்தப் பொட்டலத்திலும் இல்லை, அக்கைக்குக் கிடைப்பது சுற்றியதற்கான கூலி. அம்மிணியின் அரைக் கிலோ பெட்டியிலோ அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. விலையை அவரே சொல்கிறார். வகுப்பில் கொடுத்த, சட்டத்துக்குள் ஏறிய சான்றிதழ்த் தாளைச் சுட்டிக்காட்டிச் சொல்வதால், வாங்குபவரும் பத்து ரூபாய்க்கு மேல் பேரம் பேசத் தயங்குகிறார். கைவேலைக்கு மதிப்பு உண்டு என்பதைக் கைவேலையால் வாழும் ஊருக்கே ஒரு தாள் வந்துதான் உணர்த்த வேண்டியிருந்தது என்றால், நகைப்புக்குரியது அத்தாள் மட்டுமன்று.

இவ்வகையினரின் இறுதிப் பரிணாமம் ஆசிரியர் ஆவது. கேக் விற்பதைவிட வகுப்பு விற்பதில் உடைவதும் உருகுவதும் குறைவு என்பதை உணர்ந்த அம்மிணி, ஒரு நல்ல நாளில் மாடியறையில் மேசை போட்டு, நாத்தனாரை முதல் மாணவியாகச் சேர்த்து, ஒருநாள் பயிற்சி தொடங்குகிறார். கட்டணத்தில் உறவுக்குத் தள்ளுபடி கிடையாது. மாலையில் 'பயிற்றுநர்' என்ற இடத்துக்குமேல் தாமே கையெழுத்திட்ட சான்றிதழ்களை அவர் வரிசையாக வழங்கும்போது, கீழே முறுக்குத் துணியை உதறி மடித்துவிட்டுப் படியேறி வரும் மாமியார், "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு கண்ணு, நானும் அம்பது வருசமாச் சுத்தறேன்" என்று கேட்பார். அதற்கு ஆசிரியப் பீடத்திலிருந்து கிடைக்கும் விடை முறைப்படியானதாகவே இருக்கும்: "மொதல்ல பேசிக் முடிக்கோணுங்க அத்தை."