பிறந்த ஊருக்கு விசா

வண்டி மூன்றே நாளில் வந்து சேர்ந்துவிட்டது. அதன் காகிதம்தான் இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

விதர்பாவில் ஒரு சிற்றூர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் 1986ஆம் வருடத்து இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100 நின்றிருந்தது. சிவப்பு டேங்க், 98 சிசி, டூ ஸ்ட்ரோக், நாலு கியர். இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. என் மாமாவிடம் இதே வண்டி இருந்தது; டேங்க் மேல் உட்கார்ந்து நான் ஊர் பார்த்த வண்டி. வாங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பதினாலாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.

"அவ்வளவு தூரமா கொண்டுபோகிறீர்கள்?" என்றார் வாத்தியார்.

"திருப்பிக் கொண்டுபோகிறேன் சார்" என்றேன். டிவிஎஸ் குழுமமும் ஜப்பானின் சுசுகியும் கூட்டுச் சேர்ந்து 1984இல் இந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்த இடம் ஓசூர். வண்டி எங்கள் மாநிலத்துப் பிள்ளை. பிழைக்கப் போன பிள்ளை நாற்பது வயதில் ஊர் திரும்புகிறது, அதற்கு என்ன தடை இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அப்பாவி.

ரயிலில் போடுவதென்று முடிவு. பார்சல் ஆபீஸ் வாசலில் பேக்கிங் செய்கிறவர் ஒருவர் இருந்தார், அறுபது வயது இருக்கும். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது என்பது விதி. டியூபைக் கழற்றி மொத்தத்தையும் ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். அந்த பெட்ரோல் அவருக்கு என்பது எழுதாத விதி. கண்ணாடிகளைக் கழற்றி என் பையில் போட்டார். ஹெட்லைட்டுக்கு வைக்கோல், டேங்குக்குப் பழைய மெத்தைப் பஞ்சு, அதற்கு மேல் சாக்கு, சாக்கை இழுத்துத் தைக்கக் கோணி ஊசி. சைடு கவரை மட்டும் இரண்டு தடவை சுற்றினார். "இது போனால் கிடைக்காது" என்று சைகையில் சொன்னார். நான் அதுவரை பார்த்த, அதன் பிறகும் பார்த்த அத்தனை பேரிலும், அந்த வண்டி பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது.

உள்ளே போனால் மதிப்பைக் கேட்டார்கள். மதிப்பை எழுதி அதற்கான சதவீதக் கட்டணத்தைக் கட்டினால் ஒரு கதை. கட்டாவிட்டால் 1990இல் போட்ட விதிப்படி, தொலைந்த சரக்குக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் வரைதான். நூறு கிலோ வண்டி என்று வைத்துக்கொண்டால் 5,000 ரூபாய். எஞ்சின், கார்புரேட்டர், மாமாவின் ஞாபகம் எல்லாம் ஒரே தராசில். சின்ன வெங்காயம் எத்தனையோ நாள் இதைவிட அதிக விலைக்குப் போகிறது. மதிப்பை எழுதிக் கட்டினேன்.

மூன்றாம் நாள் வண்டி ஊரில் இறங்கியது. சாக்கைப் பிரித்தேன், ஒரு கீறல் இல்லை. கோணி ஊசி வென்றது. அதற்குப் பிறகு பேனா வேலையை ஆரம்பித்தது.

1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது? வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இந்த மாநிலத்து நம்பருக்கு மாற்றியாக வேண்டும். அது 47ஆம் பிரிவு. மாற்ற வேண்டுமானால் பழைய ஊர் ஆர்டிஓ ஆபீஸ் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தர வேண்டும். அது 48. இந்த 48க்குள் ஒரு அற்புதம் இருக்கிறது: விண்ணப்பித்து முப்பது நாளுக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால், என்ஓசி தந்ததாகவே கருதப்படும். முப்பத்தோராம் நாள் காலையில் என் வண்டிக்கு என்ஓசி பிறந்துவிட்டது, கருத்தளவில். அதை எங்கள் ஊர் ஆபீஸில் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நான் கட்ட வேண்டிய வரியையும் கட்டியதாகக் கருதிக்கொள்ளுங்கள் என்றேன். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

என்ஓசி ஏன் வரவில்லை என்று கேட்க இரண்டு தடவை ரயில் ஏறினேன். முதல் தடவை சொன்ன காரணம்: கம்ப்யூட்டரில் அப்படி ஒரு வண்டியே இல்லை. 1989க்கு முன்னால் பதிவான மூன்றெழுத்து நம்பர், கையால் எழுதிய ஆர்சி புத்தகம். பழைய லெட்ஜரைத் தேடியெடுத்து 'பேக்லாக் என்ட்ரி' போட வேண்டுமாம். லெட்ஜர் எங்கே? ஒரு அறையில். அறைச் சாவி? லீவில் இருப்பவரிடம். லெட்ஜரைக் கரையான் தின்றிருந்தால்? கரையானிடம் ஒரு என்ஓசி வாங்கிவர வேண்டியதுதான்.

இரண்டாம் தடவை சேஸ் நம்பர் பிரிண்ட் சரியில்லை என்றார்கள். இந்த பிரிண்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் நம்பர் பொறித்திருக்கும். நாற்பது வருடத்துப் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து உரச வேண்டும். சின்ன வயதில் நாணயத்துக்கு மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதேதான். அதை வெட்டி, பென்சில் கலையாமல் இருக்க செல்லோ டேப் ஒட்டி, என்ஓசி விண்ணப்பமான படிவம் 28இன் ஒவ்வொரு பிரதியிலும் பதிக்க வேண்டும். என் 5, 6 மாதிரி விழுந்திருந்ததாம். நிலவில் வண்டி இறக்கிய நாட்டில், ஒரு மோட்டார் சைக்கிளின் அடையாளம் இன்னும் ஒரு பென்சில் முனையில் நிற்கிறது.

சரி, எங்கள் ஊர்ப் பக்கம் எப்படி? பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். "எதுக்கு சார் இந்தப் பழைய இரும்பு? புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமே?" அவருக்கும் நாற்பதுக்கு மேல்தான் இருக்கும், சொல்லவில்லை. வெளியே மரத்தடியில் ஏஜென்ட். "அண்ணே, ஏழாயிரம் குடுங்க. பத்து நாள்ல டி.என். நம்பர். எப்படின்னு மட்டும் கேக்கக்கூடாது." என்ஓசி இல்லாமலா என்றேன். "அதான் கேக்கக்கூடாதுன்னேன்." என்னால் பதினோரு மாதமாக முடியாதது மரத்தடியில் பத்து நாளில் முடிகிறது என்றால், அந்த லெட்ஜர் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

இன்னொரு வேடிக்கை. 2021இல் மத்திய அரசு வின்டேஜ் வாகன விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டியை அசல் மாறாமல் வைத்திருந்தால் அது பாரம்பரியச் சொத்து. தனி நம்பர், தனி மரியாதை, பதிவுக்கு 20,000 ரூபாய். ஐம்பதைத் தொடாத வண்டி? ஆர்சி புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன் 300 ரூபாய், பிறகு 1,000, 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய பைக்குக்கு 2,000. ஐம்பது வயதில் பொக்கிஷம், நாற்பது வயதில் குப்பை. இடையில் உள்ள பத்து வருடம் தண்டனைக் காலம். ஜமீன்தார் வீட்டுக் காருக்குப் பன்னீர் தெளிக்கிற சட்டம், வாத்தியார் வீட்டு நூறு சிசிக்கு லத்தியைக் காட்டுகிறது.

எனக்காவது இது ஆசைக்கு வாங்கிய வண்டி. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற பீகார்க்காரர் ஊரிலிருந்து தன் பழைய வண்டியை ரயிலில் போட்டுக்கொண்டு வருகிறார். ரூமிலிருந்து கம்பெனிக்குப் போய்வர. அவர் வண்டியும் பன்னிரண்டு மாதம் தாண்டினால் குற்றவாளிதான். அரசாங்கத்துக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் 2021இல் பாரத் வரிசை நம்பர் கொண்டுவந்தார்கள். அந்த நம்பர் இருந்தால் மாநிலம் மாறும்போது மறுபதிவே வேண்டாம். யாருக்குக் கிடைக்கும்? அரசு ஊழியருக்கு, ராணுவத்தாருக்கு, பொதுத்துறை நிறுவனத்தாருக்கு, நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் வைத்திருக்கும் தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு. நான்கு மாநிலத்தில் ஆபீஸ் இருந்தால் பாரதம் உங்களுடையது. நான்கு மாநிலத்தில் செங்கல் சுமந்திருந்தால் படிவம் 28 வாங்கிக்கொள்ளுங்கள்.

மாநில அரசையும் விடுவதற்கில்லை. வாகன வரி மாநிலப் பட்டியலில் 57ஆவது பதிவு. மாநில உரிமைக்குக் கைதட்டுகிறவன்தான் நானும். ஆனால் ஆயுள் வரி என்று பெயர் வைத்துவிட்டு, எல்லை தாண்டியதும் அந்த ஆயுள் முடிந்துவிட்டது, மறுபிறவிக்குத் தனியாகக் கட்டு என்பது எந்த உரிமையில் சேர்த்தி? வாகன வரியின் கோட்பாடுகளை வகுக்கும் அதிகாரம் பொதுப்பட்டியல் 35ஆவது பதிவில் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. ஒரே நாடு ஒரே வரி என்று 2017 ஜூன் 30 நள்ளிரவில் மணியடித்து ஜிஎஸ்டி கொண்டுவந்தவர்களுக்கு, இந்தப் பதிவைப் புரட்ட ஒரு பகல் கூடக் கிடைக்கவில்லை. டில்லிக்கு அது வேலையில்லை, சென்னைக்கு அது வருமானம். நடுவில் நிற்பவன் கையில் செல்லோ டேப்.

போன வாரம் வாத்தியார் போன் செய்தார். லெட்ஜர் கிடைத்துவிட்டதாம். கையெழுத்துப் போட வேண்டியவர்தான் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

வண்டியை மறுபடி அதே சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அது வந்து இன்றோடு 353 நாள். ஓசூரில் பிறந்த வண்டி தமிழ்நாட்டில் சட்டப்படி நிற்க இன்னும் 12 நாள் இருக்கிறது.