இருபது புடவைகளின் சாட்சி

கேள்வி: காஞ்சிபுரத்துக் கடையொன்றில் 20 புடவைகளின் சரிகையைச் சுரண்டிப் பார்த்ததில் எல்லாம் அசல். அந்தக் கடையை நம்பிவிடலாமா?

பதில்: அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கும் மற்றப் புடவைகளும் அதே சாட்சியைச் சொல்லுமா? சுரண்டிய இடத்தில் சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் சரிகை அசல் என்பது மரபான சோதனை. ஆனால், பெரிய சரக்கொன்றில் நூற்றுக்கு 5 போலியாக இருந்தாலும், சமவாய்ப்பில் எடுத்த 20-இல் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு 36 விழுக்காடு. ‘கடை நேர்மையானது’ என்னும் எடுகோள், அதாவது சோதனைக்கு முன் மெய்யெனக் கொள்ளும் கூற்று, பொய்யாயிருந்தும் அதை ஏற்பது இரண்டாம் வகைப் பிழை.

59 புடவைகளைப் பார்த்தால் அவ்வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். எனினும், ஒரு போலி கண்டாலே கடையைத் தள்ளுவதென வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 1 மட்டுமே தவறும், நேர்மையானதென்றே கொள்ளத்தக்க கடையும் ஏறத்தாழ 45 விழுக்காடு வாய்ப்பில் பழி சுமக்கும். மெய்யான எடுகோளை மறுக்கும் இது முதல் வகைப் பிழை. தறியில் உழைத்த நெசவாளரின் பெயரையும் கெடுப்பதால் இதைச் சிறிதென்று ஒதுக்கலாகாது. புள்ளியியலாளர்கள் நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933-இல் வகுத்த முறை, முதல் வகைப் பிழைக்கு முன்கூட்டியே வரம்பிட்டு, அதற்குள் மற்றதை இயன்றவரை குறைக்கிறது. இரண்டையும் ஒருசேரக் குறைக்க, சோதிக்கும் புடவைகளைக் கூட்டுவதோடு, எத்தனை போலி வரை பொறுப்பது என்பதையும் உயர்த்த வேண்டும்.