கழற்றி மாட்டும் லேப்டாப்

பழுதான உறுப்பை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளும்படி செய்யப்படும் மின்னணுக் கருவிகள் தனி இனம். மற்ற இனங்களில் கீபோர்டில் டீ சிந்தினால், அந்த ஒரு டீயின் விலை ஒரு புது லேப்டாப்.

இந்தத் தனி இனத்தில் பெயர்பெற்றது, சான்பிரான்சிஸ்கோவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த 13.5 அங்குல லேப்டாப். பெட்டிக்குள்ளேயே ஸ்க்ரூடிரைவரும் இருக்கும். அடிப்பக்கத்தில் ஐந்து திருகுகள். எவ்வளவு தளர்த்தினாலும் கையோடு வராமல் மூடியிலேயே தொங்கும். ரிப்பேர் முடிந்து மூடியபின் மேசையில் ஒரு திருகு மிஞ்ச வேண்டும் என்ற பரம்பரை வழக்கம் இங்கே செல்லாது. உறுப்புகளின்மேல் கியூஆர் குறி உண்டு. செல்போனைக் காட்டினால் அந்த உறுப்பை மாற்றும் முறை வந்து நிற்கும்.

தலைமுறைகளுக்கு இடையிலும் இந்தக் கருவியில் சண்டை குறைவு. 2022-இல் இன்டெலின் 12-ஆம் தலைமுறை மதர்போர்டு, 2023-இல் 13-ஆம் தலைமுறை போர்டு, கூடவே ஏஎம்டி ரைசன் 7040 போர்டு என்று வந்தவை எல்லாம் 2021-ஆம் ஆண்டுக் கூட்டிலேயே உட்கார்ந்தன. தாத்தாவின் சட்டை பேரனுக்குத் தைத்தாற்போல் இருப்பது குடும்பங்களில்கூட அரிது. ராம் மட்டும் முறுக்கிக்கொண்டது. 2021-இன் முதல் போர்டையும் சேர்த்து மூன்று இன்டெல் போர்டுகளும் டிடிஆர்4 கேட்க, ஏஎம்டி போர்டு டிடிஆர்5 இல்லாமல் எழுந்திருக்காது.

போர்டை மாற்றியபின் மிஞ்சும் பழைய போர்டுக்கு ஒரு நோயும் இல்லை. பேட்டரியும் திரையும் இல்லாமலே அது தனிக் கணினியாக ஓடும். ஏஎம்டிக்கு மாறியிருந்தால் பழைய ராமும் அதனுடனேயே தங்கிவிடுவதால் தூக்கிப்போட மனம் வராது. இங்கேதான், கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்த்து, பூனையின் பாலுக்காகப் பசு வாங்கிய சன்னியாசியின் கதை தொடங்குகிறது. போர்டு தூசி படியாமலிருக்க ஒரு கூடு வேண்டும். 2023-இல் கூலர் மாஸ்டர் நிறுவனம் அதற்கென்றே ஒன்று செய்தது. கூட்டுக்குள் போனதற்கு மானிட்டர் வேண்டும், கீபோர்டு வேண்டும், மவுஸ் வேண்டும், இவற்றை வைக்க ஒரு மேசையும் வேண்டும். புதிதாக ஒன்றும் வாங்காமலிருக்க வாங்கிய லேப்டாப், இப்படி வீட்டில் இரண்டாவது கணினியை ஈன்றெடுக்கிறது.

பசு வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தில், 2024-இல், இன்டெலின் கோர் அல்ட்ரா போர்டு வெளியானது. அதுவும் அதே பழைய கூட்டில் கச்சிதமாகப் பொருந்தியது.